அடுப்படியில் கிடக்கிற டிசைன்

துணிக்கோ பைக்கோ டிசைன் போட வேண்டும் என்றவுடன் போனை எடுத்துத் தேடத் தொடங்குகிறோம், அரை மணித்தியாலத்தில் மாங்காய், மயில், தாமரை என்று எல்லாரும் போட்டதையே நாமும் போட்டுவிட்டு எழும்புகிறோம். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போங்கள். சுளகு, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, இடியப்ப உரல், தேங்காய் திருவுகிற திருவலை. இவ்வளவும் போதும்.

நீத்துப்பெட்டியை நீத்துப்பெட்டியாகவே வரையாதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். கூம்பு கூம்பாக வரைந்து ஒரு பையில் அடித்துப் பார்த்தால் ஐஸ்கிறீம் விளம்பரம் போல இருந்தது. உருவத்தை விடுங்கள், பின்னிய கை எதைத் திரும்பத் திரும்பச் செய்ததோ அதைப் பிடியுங்கள். ஒரு ஓலை எத்தனை ஓலைக்கு மேலே போகிறது, எத்தனைக்குக் கீழே நுழைகிறது என்று விரலால் தொட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டு மேலே, இரண்டு கீழே, அடுத்த வரியில் ஒன்று தள்ளி என்று போனால் சரிவாக ஒரு படிக்கட்டு வரும். அந்தப் படிக்கட்டை மட்டும் கொப்பியில் கீறுங்கள்.

கண்ணுக்குப் பிடிபடவில்லையா? சின்ன வயதில் குத்திக் காசைத் தாளுக்குக் கீழே வைத்துப் பென்சிலால் உரசுவோமே, அதே வேலைதான். மெல்லிய தாளைச் சுளகின் மேல் விரித்து, பஸ்ரலைக் கிடையாகப் பிடித்து உரசினால் பின்னல் அப்படியே ஏறிவரும். திருவலையை மட்டும் உரசப் போகாதீர்கள், தாளோடு விரலும் கிழியும். பல்லைப் பார்த்துக் கீறினால் போதும். பின்நேர வெயிலில் யன்னல் கம்பியின் நிழல் நிலத்தில் விழும்போது தாளை விரித்துக் கோடு இழுங்கள். கொஞ்ச நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும். நகர்ந்த நிழலையும் அதே தாளில் இழுங்கள், இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில்தான் வடிவு இருக்கிறது.

இனி அதைத் தொடர்ச்சியாக்க வேண்டும். 10 சென்ரிமீற்றர் சதுரத் தாளின் நடுவில், எந்த ஓரத்திலும் முட்டாமல் வரையுங்கள். நெடுக்காக நடுவில் வெட்டி, இடப்பாதியை வலப்பக்கமும் வலப்பாதியை இடப்பக்கமும் மாற்றிவைத்துப் பின்புறத்தால் ரேப் ஒட்டுங்கள் (முன்புறம் ஒட்டினால் அதன் மேல் பேனை ஓடாது, நான் பட்ட பாடு). பிறகு குறுக்காக வெட்டி மேலும் கீழும் மாற்றுங்கள். இப்போது நீங்கள் வரைந்தது நாலு மூலைக்கும் போயிருக்கும், நடு வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையை நிரப்புங்கள், இம்முறையும் ஓரத்தைத் தொடாமல். போட்டோக்கொப்பி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் பொருத்துத் தெரியாது.

அடுக்கியதைச் சுவரில் ஒட்டி, மூன்று மீற்றர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நடுவே வெள்ளையாக ஒரு ஒழுங்கை ஓடினால் விட்ட இடைவெளி கூடிப்போச்சு. சின்னப் புள்ளிகளால் அடைக்கலாம், இல்லையென்றால் மேசன் கல் வைக்கிற மாதிரி அடுத்த வரியை அரைக்கல் தள்ளிவையுங்கள். அதையே நெடுக்காகத் திருப்பி, நிரல்களை அரைவாசி இறக்கிவைத்தால் துணிக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

தளத்தில் ஒரு வடிவம் இரு திசையிலும் திரும்பத் திரும்ப வரும்போது அதன் சமச்சீர் (திருப்பினாலும் புரட்டினாலும் பொருந்துகிற ஒழுங்கு) 17 வகைக்குள்தான் அடங்கும் என்று ரஷ்யப் படிகவியலாளர் பெதரோவ் 1891இல் நிறுவிவிட்டார். ஆகவே புதிதாக ஒரு ஒழுங்கு கண்டுபிடிக்கிறேன் என்று மண்டையை உடைக்க வேண்டாம், உங்களுடையது அந்தச் சின்னக் கீறல்தான்.

நிறத்துக்கும் வெளியே போகத் தேவையில்லை. சாயமோலைப் பெட்டி ஒன்று இருந்தால் அதன் ஊதாவையும் பச்சையையும் எடுங்கள், வெயிலில் வெளுத்த பக்கத்தில் இருந்து எடுத்தால் இன்னும் நல்லது. முதல் டிசைனுக்கு இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம்.

வேலை முடிந்ததும் சுளகில் படிந்த பஸ்ரலைத் துடைத்து எடுத்த இடத்திலேயே வையுங்கள். அரிசி புடைக்கிற நேரம் அம்மம்மா தேடினால் ஏச்சு உங்களுக்குத்தான்.