டனல் எழுந்துவிட்டது என்று லேப்டாப்பை மூடாதீர்கள்: விபிஎன் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் சிப்காட்டில் ஆலை, புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் அலுவலகம் என்று இரண்டு இடத்தில் தொழில் நடத்துகிறவர்கள் நம் பக்கம் உண்டு. டேலி ஓடும் கம்ப்யூட்டர் ஓரிடத்தில், பில் போடுகிறவர் வேறிடத்தில், நடுவில், இன்டர்நெட் வழியாகவே ரகசியப் பாதை (டனல்) போட்டு இரண்டையும் இணைக்கும் இரண்டு விபிஎன் ரவுட்டர்கள். அவற்றைக் கொண்டுபோய் மாட்டுவதற்கு முன் ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி போன்ற, கம்ப்யூட்டருக்குள்ளேயே ரவுட்டர்களை ஓடவிடும் ‘லேப்’ மென்பொருளில் இணைத்துப் பார்ப்பது மிக நல்ல பழக்கம். ஆனால் லேபில் ஓடியது ஆலையில் படுத்துவிட்டால், கான்ஃபிக்கை (ரவுட்டரில் போட்ட அமைப்புகளை) குறை சொல்வதற்கு முன் எப்படிச் சோதித்தோம் என்று பார்க்க வேண்டும்.

பலரும் செய்வது, ரவுட்டருக்குள் இருந்தபடியே பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்ன சோதனைப் பாக்கெட்) அடிப்பது. அப்போது பாக்கெட் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியோடு கிளம்பும். டனலில் டேட்டாவைப் பூட்டி அனுப்பும் ஐபிசெக் முறையின் விதியோ 192.168.10 வரிசையிலிருந்து 192.168.20 வரிசைக்குப் போவதை மட்டும்தான் டனலுக்குள் விடும். பிங் தோற்கும், டனலில் ஒரு குறையும் இருக்காது. நல்ல கான்ஃபிக்கை ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிக் கெடுப்பது இங்கேதான் தொடங்குகிறது. இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம்: எதிர்ப்பக்க ரவுட்டரின் பப்ளிக் முகவரிக்கு பிங் அடித்துப் பதில் வந்ததும் ‘டனல் ஓகே’ என்று எழுதிவிடுவது. அந்த பாக்கெட் டனலைத் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் லேனில் (உள் நெட்வொர்க்கில்) ஆளுக்கொரு சிறிய பிசியை வைத்து அங்கிருந்து பிங் அடியுங்கள். அந்தப் பக்கம் இருப்பது விண்டோஸ் என்றால், வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்கை அதன் ஃபயர்வாலே தடுக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பதில் வருகிறதா என்பதோடு நிற்காமல், ரவுட்டர் காட்டும் பாக்கெட் கவுண்ட்டரையும் பாருங்கள். பத்து பிங் போனால் இந்தப் பக்கம் என்கிரிப்ட் ஆன எண்ணிக்கை பத்து ஏற வேண்டும், அந்தப் பக்கம் டிகிரிப்ட் பத்து ஏற வேண்டும். அங்கே டிகிரிப்ட் ஏறியும் என்கிரிப்ட் அசையவில்லையா? பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது, திரும்பும் வழிதான் இல்லை. ரூட் விட்டுப்போயிருக்கும், அல்லது டனலுக்குள் போக வேண்டியதை நாட் (NAT, முகவரியை மாற்றி அனுப்பும்) விதி முந்திக்கொண்டு பிடித்திருக்கும். அங்கே டிகிரிப்ட்டே பூஜ்யம் என்றால் நடுவழியில் யாரோ தடுக்கிறார்கள். இந்த நான்கு எண்களைப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிடும்.

ஐபிசெக்கின் 500, 4500 போர்ட் திறந்திருக்கிறதா என்று டெல்நெட்டில் பார்ப்பது வீண்வேலை. டெல்நெட் டிசிபி, அவை யுடிபி. இன்னொரு விபிஎன் முறையான வயர்கார்டோ, தனக்குத் தெரியாத சாவியோடு வருபவருக்குப் பதிலே சொல்லாது. போர்ட் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று பதறாமல், கடைசி ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் சாவி ஒப்புக்கொள்வது) எப்போது நடந்தது என்று பாருங்கள்.

அளவு விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் பிங் சுமப்பது 32 பைட், லினக்ஸ் 56. இத்தனை சின்னது எதில்தான் போகாது? லாகின் பக்கம் திறக்கும், பெரிய பிடிஎஃப் மட்டும் பாதியில் நிற்கும். ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு ஈதர்நெட்டில் 1500 பைட், பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைக்கும்) லைனில் 1492. அதன் மேல் ஐபிசெக் உறையும் சேர்ந்தால் உள்ளே மிஞ்சுவது சுமார் 1400. ‘துண்டாக்காதே’ என்ற ஆப்ஷனோடு 1472-இல் தொடங்கி, பிங் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 28 பைட் தலைப்புக்குப் போகும் என்பதால்தான் 1472. 1372 வரைதான் போகிறது என்றால் பாதையின் அளவு 1400; டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் டிசிபி சுமக்கும் டேட்டாவின் உச்ச அளவை) 1360-க்கு இறக்கிவிடலாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது நேரம். ஐபிசெக்குக்குச் சாவி பேசிக்கொள்ளும் ஐகேஇவி2-வில் டனல் முதல் தடவை எழும்போது, டேட்டாவுக்கான பிஎஃப்எஸ் குரூப் (சாவியைப் புதிதாக உருவாக்கும் கணக்கு முறையின் எண்) இரு பக்கமும் ஒன்றா என்று ஒப்பிடப்படுவதே இல்லை. முதல் சாவிப் பரிமாற்றத்திலிருந்தே டேட்டாவுக்கும் சாவி எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் 14, மறுபக்கம் 19 என்று போட்டிருந்தாலும் டனல் சிரித்துக்கொண்டே எழும். சாவியைப் புதுப்பிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பல சாதனங்களில் அது 3600 விநாடி. இருபது நிமிடம் ஓடிய லேப் சோதனையில் இது சிக்கவே சிக்காது. ஆலையில் காலை ஒன்பதரைக்கு எழுந்த டனல் பத்தரைவாக்கில் நிற்கும். யாராவது ரவுட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும், ஏனென்றால் மறுபடியும் அந்த ஒப்பிடாத முதல் கட்டம்தான். பழி முழுக்க லைன்காரர் தலையில். லேபில் இரு பக்கமும் சாவியின் ஆயுளை ஐந்து நிமிடமாகக் குறைத்து, தொடர் பிங் ஓடவிட்டு, சாவி மூன்று நான்கு தடவை மாறுவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு பழைய மதிப்பை வைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், லேப் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பது. இரண்டு ரவுட்டரையும் நேராக ஒரு கேபிளில் இணைத்துவிடுகிறோம். நிஜத்தில் கிடைக்கும் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், நீங்கள் சேவை நிறுவனத்தின் நாட் (NAT) ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அப்படி இருக்கும் பக்கத்திலிருந்துதான் டனலைத் தொடங்க முடியும். அதனால் நடுவில் ஒரு நாட் ரவுட்டரும், தாமதமும் இழப்பும் சேர்க்க நெட்எம் ஓடும் ஒரு லினக்ஸும் வையுங்கள். விஎம்மை க்ளோன் செய்தால் வயர்கார்டு சாவியைப் புதிதாக உருவாக்குங்கள். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் கடிகாரத்தைச் சரிபாருங்கள். நேரம் பின்னால் போயிருந்தால் எதிர்ப்பக்கம் ஹேண்ட்ஷேக்கை ஏற்காது.

நம் ஊருக்கு அவசியமானது லைன் அறுந்தால் என்ன ஆகும் என்ற சோதனை. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறும் கடற்கரை இது. லேபில் ரவுட்டரின் இன்டர்ஃபேஸை அணைத்துவிட்டு மாற்று லைனுக்குத் தாவுகிறதா என்று பார்க்கிறார்கள். அப்படி அணைத்தால் ரவுட்டருக்கு உடனே தெரிந்துவிடும். புயலில் மோடம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அதற்கப்பால் எங்கோ ஃபைபர் அறுந்திருக்கும். ஆகவே இணைப்பை நடுவில் துண்டியுங்கள். டிபிடி (எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று விபிஎன் கேட்டுப் பார்க்கும் வசதி) அதைக் கண்டுபிடித்து மாற்று லைனுக்குப் போக எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கரண்ட் போய் வந்ததுபோல் இரண்டு ரவுட்டரையும் ஒன்றாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில சாதனங்களில் உள்ளிருந்து ஒரு பாக்கெட் வரும்வரை டனல் எழாது. நாட் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆலையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை என்றால், தட்டாஞ்சாவடியிலிருந்து எத்தனை முறை அழைத்தாலும் அது எழப்போவதில்லை. ஆலைப் பக்க ரவுட்டரில் டனல் தானாகத் தொடங்கும் அமைப்பை ஆன் செய்திருக்க வேண்டும்.