போன் ஹோலோகிராம் பகலில் மங்குகிறதா? இப்படித் திருத்திப் பாருங்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. மருமகன் சிடி கவரை வெட்டி, நுனியில்லாப் பிரமிட் செய்து, ஒடுங்கிய பக்கம் கீழே வரப் போனுக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்தான். போனில் ஓடும் காணொளி அதற்குள் மிதக்கும் உருவமாகத் தெரிய வேண்டும். எங்கள் வகுப்பறைகள் அரைச்சுவர்தானே, நாலு பக்கத்தாலும் வெளிச்சம் உள்ளே வந்து கொட்டுது, குனிந்து பார்த்த பிள்ளைகளுக்குப் பிரமிட்டுக்கு ஊடாக முற்றத்து வேப்பமரம்தான் தெரிந்தது. "ராத்திரி வடிவாத் தெரிஞ்சது மாமா" என்று அவன் முகம் சுருங்கிப் போச்சு.

உண்மையைச் சொன்னால் இது ஹோலோகிராமே இல்லை. விஞ்ஞானி டெனிஸ் காபோர் 1947இல் கண்டுபிடித்து 1971இல் நோபல் பரிசு வாங்கியது வேறு சங்கதி, அதற்கு ஒளியலைகளின் குறுக்கீட்டையே பதிய வேண்டும். நாம் செய்வது 1862இல் லண்டனில் ஜோன் ஹென்றி பெப்பர் காட்டிய பேய் வித்தை: சாய்ந்த கண்ணாடியில் விழும் விம்பம், அவ்வளவுதான். அதனால் குறைபட ஒன்றுமில்லை.

அளவு இதுதான், நாலு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு பக்கத்துக்கு அகன்ற விளிம்பு 6 செ.மீ., நுனி 1 செ.மீ., உயரம் 3.5 செ.மீ. பெரிதாக்க விரும்பினால் அகலத்திலிருந்து நுனியைக் கழித்து, பாதியாக்கி, 1.414ஆல் பெருக்குங்கள், வருவதுதான் வெட்டும் உயரம். அப்போதுதான் ஒவ்வொரு பக்கமும் திரைக்கு 45 பாகை சாய்வில் நிற்கும். கோணம் பிசகினால் உருவம் சரிந்து நிற்கும்.

இனி வெளிச்சம். அந்தக் கோணத்தில் தெளிந்த பிளாஸ்டிக் பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், மிச்சம் ஊடுருவிப் போய்விடும். ஆகவே போன் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தாலும் பின்னால் வெயில் நின்றால் தோல்விதான். கறுப்பு மட்டையில் இரண்டு துண்டு வெட்டி, பிரமிட்டுக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல் நிறுத்துங்கள், எந்தப் பக்கம் பார்த்தாலும் விம்பத்துக்குப் பின்னால் கறுப்பு. மேலே ஒரு கறுப்பு மூடி. மினுங்குகிற பிரிஸ்டல் போர்ட் மட்டை வேண்டாம், பழைய கறுப்புத் துணி ஒட்டினால் நல்லது. ஊடே பார்க்கிற அந்த மாயம் கொஞ்சம் குறையும், ஆனால் பகலில் உருவம் தெரியும். மேசையையும் உயர்த்திக் கண்மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

போன் தெரிவில் அமோலெட் திரை முதல். அதில் கறுப்பு என்றால் ஒளியே இல்லை, எல்சிடியில் கறுப்பும் சாம்பலாகக் கசியும். சில எல்சிடிகளில் எதிரெதிர் இரண்டு பக்கம் மட்டும் மங்கும், திரையின் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால் வருவது அது. காணொளியை 45 பாகை திருப்பிப் பதிந்து, பிரமிட்டையும் அதே அளவு திருப்பி வைத்தால் நாலும் சமமாகும்.

உருவம் இரட்டையாகத் தெரிந்தால் தகடு தடிப்பு. 3 மி.மீ. அக்ரிலிக்கில் முன்பக்க விம்பமும் பின்பக்க விம்பமும் ஏறக்குறைய 2 மி.மீ. விலகி நிற்கும். ஓஎச்பி தாள் (ஊடே தெரியும் பிளாஸ்டிக் தாள்) மெல்லியது, இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வளையும், ஓரத்துக்கு ஈர்க்குச்சட்டம் கட்டுங்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். இணையத்தில் கிடைக்கிற காணொளிகள் பெரும்பாலும் ஒரே படத்தை நாலு தடவை வைத்தவை, சுற்றி நடந்தாலும் அதே முகம். நீங்களே எடுங்கள்: கறுப்புத் துணிக்கு முன் சுழலும் தட்டில் ஒரு மண்முட்டியை வைத்து, சரியாக 20 செக்கனில் ஒரு சுற்று வரப் பிடியுங்கள். திரையின் நடுவைச் சுற்றிப் பக்கத்துக்கு ஒன்றாக நாலு பிரதி, ஒவ்வொன்றும் முந்தியதைவிட 5 செக்கன் தள்ளித் தொடங்கட்டும், உருவத்தின் அடி திரையின் நடுவைப் பார்க்கட்டும். இப்போது முட்டியின் முன்பக்கம் ஒரு பிள்ளைக்கு, உடைந்த விளிம்பு எதிரே நிற்கும் பிள்ளைக்கு. நடக்க நடக்க உருவம் தவறான பக்கம் திரும்பினால் இடது வலதுப் பிரதிகளை மாற்றுங்கள். எழுத்து இருந்தால் கண்ணாடி விம்பம்போல் இடவலம் மாறி வரும், பதிவதற்கு முன் இடவலம் புரட்டி விடுங்கள்.

அப்புறம் புழுதி. ஏ9 வீதி ஓரத்துப் பள்ளிக்கூடம் என்றால் சொல்லவே வேண்டாம். காய்ந்த துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி இன்னும் இழுக்கும், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.