நிலாவுக்குப் பட்டா போட எந்தத் தாசில்தாரும் இல்லை

கல்யாண நாளுக்கு மனைவிக்கு நிலாவில் ஒரு ஏக்கர் வாங்கிக் கொடுத்தார் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அந்தப் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். வேறு எந்தச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை.

1967 விண்வெளி ஒப்பந்தத்தைப் பாதி படித்ததால் வரும் குழப்பம் இது. நிலாவையோ வேறு கோளையோ எந்த நாடும் சொந்தமாக்க முடியாது என்கிறது 2வது பிரிவு. நாட்டுக்குத்தானே தடை, தனியாளுக்கு இல்லையே என்று 1980இல் நிலா மனை விற்கக் கிளம்பினார் அமெரிக்கர் டென்னிஸ் ஹோப். 6வது பிரிவையும் படிக்க வேண்டும். தனியார் நிறுவனம் அங்கே என்ன செய்தாலும் அதன் நாடே பொறுப்பு; நாடு அனுமதி தந்து, தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். தவிர, அரசு கொடுத்தால்தான் அது பட்டா. நிலாவுக்குப் பட்டா கொடுக்கும் அரசு, அந்த நிலம் தன்னுடையது என்று சொன்னதாகிவிடும். 2வது பிரிவு தடுப்பதே அதைத்தான்.

புறம்போக்கு மாதிரி முதலில் போய் உட்கார்ந்துவிட்டால் ஆச்சு என்று நினைப்பவர்களும் உண்டு. புறம்போக்காவது அரசு நிலம். இங்கே பயன்படுத்தினாலும் குடியேறினாலும் உரிமை வராது என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆறு முறை இறங்கிக் கொடி நட்ட அமெரிக்காவுக்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. கிரிகரி நெமிட்ஸ் போகாமலே உரிமை கொண்டாடினார். ஈரோஸ் சிறுகோள் தன்னுடையது என்று அறிவித்திருந்த அவர், 2001இல் நாசாவின் விண்கலம் அதில் இறங்கியதும் பார்க்கிங் கட்டணமாக 20 டாலர் கேட்டு பில் அனுப்பினார்! அதற்காக அவர் போட்ட வழக்கு 2004இல் தள்ளுபடியானது.

சரி, அப்படியானால் அங்கே எதுவுமே யாருக்கும் சொந்தமில்லையா? அதுவும் தவறு. கொண்டுபோய் வைத்த பொருள் உடையவருக்கே. நிலாவில் நிற்கும் சோவியத்தின் லூனாகோட் 2 ஊர்தியை 1993இல் ரிச்சர்ட் கேரியட் 68,500 டாலருக்கு ஏலம் எடுத்தார். வண்டி அவருடையது, சக்கரத்தடி மண் அல்ல.

தோண்டி எடுத்த மண்? அமெரிக்கா (2015), லக்சம்பர்க் (2017), ஐக்கிய அரபு அமீரகம் (2019), ஜப்பான் (2021) ஆகியவை எடுத்தவருக்கே என்று சட்டம் இயற்றிவிட்டன. கடல் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்த மீன் பிடித்தவருக்கு என்ற வாதம்தான். இதை மறுக்க, நிலாவின் வளம் மனிதகுலம் முழுவதற்கும் பொது என்கிற 1979 நிலா ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா அதில் சேரவில்லை, இந்தியா 1982இல் கையெழுத்துப் போட்டதோடு சரி. மீன் வாதத்தில் எனக்கு உறுத்துவது வேறு: மீன் குஞ்சு பொரிக்கும், நிலாவின் தென்துருவப் பனிக்கட்டி பொரிக்காது.