தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டுவடத்தில் அடிபட்டு ஒருவர் படுத்துவிட்டால், ஒரு மாதத்துக்குள் உறவினர் யாராவது கைபேசியை நீட்டுவார். "ஸ்டெம் செல் ஊசி போட்டால் புது நரம்பு முளைக்குமாம்." ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூல செல். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் பல தவறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, அறுந்த ஒயரை ஒட்டும் வேலை என்று இதை நினைப்பது. காலை அசைக்கக் கட்டளையிடும் நரம்பு செல் மூளையில் இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் ஆக்ஸான் என்ற நீண்ட இழை தண்டுவடத்துக்குள் இறங்கி, கீழ்முதுகில் உள்ள இன்னொரு செல்லிடம் செய்தியை ஒப்படைக்கிறது. கழுத்தில் அடிபட்டால் அறுவது பெரும்பாலும் இந்த இழைதான். அனுப்புபவரும் பெறுபவரும் உயிரோடு இருக்கிறார்கள். நடுவில் பாதை இல்லை. கையில் அறுந்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். தண்டுவடத்துக்குள் அது நடப்பதில்லை. காயத்தைச் சுற்றி உருவாகும் தழும்பும், அங்குள்ள சில புரதங்களும் இழையைத் தடுத்து நிறுத்துகின்றன. 1980களின் தொடக்கத்தில் மான்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோ குழுவினர் எலியின் கால் நரம்புத் துண்டைத் தண்டுவடத்தில் பாலமாக வைத்தார்கள். வளராது என்று நம்பப்பட்ட இழைகள் அந்தப் பாலத்துக்குள் வளர்ந்தன. குறை விதையான இழையில் மட்டும் இல்லை, அதைச் சூழ்ந்த மண்ணிலும் இருக்கிறது என்று புரிந்தது அப்போதுதான். ஆகவே, இன்று புதிதாக வைக்கப்படும் நரம்பு செல்கள் பழைய இழையை ஒட்டுவதில்லை. வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றும் ஆளைப்போல, மேலிருந்து வரும் செய்தியை வாங்கிக் கீழே கொடுக்க வேண்டும். எண்ணற்ற இணைப்புகள் சரியான இடத்தில் அமைந்தால்தான் அது நடக்கும்.

அடுத்தது, ஸ்டெம் செல் என்றாலே ஒரே சரக்கு என்று எண்ணுவது. 2010இல் அட்லாண்டாவில் ஜெரான் நிறுவனம் தொடங்கிய ஆய்வில் மனிதக் கருவின் ஸ்டெம் செல்களிலிருந்து உருவான செல்கள் செலுத்தப்பட்டன. அவற்றின் வேலை நரம்பாவது அன்று, இழைக்கு மயலின் என்ற காப்பு உறை போடுவது. அடுத்த ஆண்டே பணக் காரணத்தால் ஜெரான் விலகிக்கொண்டது. ஜப்பானில் 2018 டிசம்பரில் நிபந்தனையுடன் அனுமதி பெற்ற ஸ்டெமிராக் என்ற சிகிச்சை, நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜை செல்களைப் பெருக்கி ரத்தக் குழாய் வழியே செலுத்துவது. உண்மையில் நரம்பாகக்கூடிய செல்களை வைத்தது டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகம். ஜப்பானிய விஞ்ஞானி யமனாகாவுக்கு 2012 நோபல் பரிசு பெற்றுத்தந்த, முதிர்ந்த செல்லை மீண்டும் ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பும் ஐ.பி.எஸ். முறையில் உருவான நரம்பு முன்னோடி செல்கள், ஒருவருக்கு 20 லட்சம் வீதம், காயம்பட்ட இடத்திலேயே செலுத்தப்பட்டன. இந்த மூன்றில் எது உங்களிடம் விற்கப்படுகிறது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

காலத்தை மறப்பது இன்னொரு தவறு. கெயோ ஆய்வில் காயம்பட்டு 14 முதல் 28 நாட்களுக்குள் இருந்தவர்களுக்குத்தான் செல்கள் வைக்கப்பட்டன. ஸ்டெமிராக்குக்கும் காயம்பட்ட 31 நாட்களுக்குள் மஜ்ஜை எடுத்தாக வேண்டும். ஐந்து வருடப் பழைய காயத்துக்கு அந்த முடிவுகளைக் காட்டி ஆசை மூட்டுவது நேர்மையாகாது.

தானாகத் தேறுவதைச் சிகிச்சையின் கணக்கில் எழுதுவதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான தவறு. முதல் ஆறு மாதங்களில் பலருக்கு ஓரளவு உணர்வும் அசைவும் தாமாகவே திரும்புகின்றன. ஸ்டெமிராக் ஆய்வில் 13 பேரில் 12 பேர், உணர்வையும் அசைவையும் அளக்கும் அளவுகோலில் ஒரு படியாவது முன்னேறினார்கள். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தச் செல் செலுத்தப்படாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. உலக விஞ்ஞானிகள் பலர் அப்போதே முகம் சுளித்தார்கள். 2025 மார்ச்சில் கெயோ அறிவித்த முடிவில் நான்கு பேரில் இருவர் முன்னேறியிருந்தார்கள். ஒருவர் எழுந்து நின்றார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் அது பாதுகாப்பை முதன்மையாகப் பார்த்த ஆய்வு. நான்கே பேர்.

"நம் உடம்பிலிருந்து எடுத்ததுதானே, என்ன ஆகிவிடும்?" என்பார்கள். 18 வயதில் தண்டுவடத்தில் அடிபட்டு, மூன்று ஆண்டுகள் கழித்து லிஸ்பனில் தன் மூக்குச் சவ்வுத் திசுவை அங்கே வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, மேலும் எட்டு ஆண்டுகள் கழித்துக் கடும் முதுகுவலி வந்தது. உள்ளே சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது. 2014இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது.

இந்தியாவில் சட்ட நிலை குழப்பமானதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டு நெறிகளின்படி, குறிப்பிட்ட சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு அப்பால், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது. ஆய்வில் சேர்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கவும் கூடாது. லட்சக்கணக்கில் ரசீது போட்டால் அது ஆய்வு அல்ல.

புது நரம்புக்காகக் காத்திருந்து பிசியோதெரபியைக் கைவிட்ட குடும்பங்களும் உண்டு. மடங்கி இறுகிவிட்ட முழங்காலுக்கு நாளை எந்தச் செல் வந்தாலும் பயனில்லை. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமாக இருந்தார். மறுவாழ்வில் கற்க வேண்டிய அடிப்படைகள் சிறுநீர் வெளியேற்றும் முறை, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது போன்றவைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நள்ளிரவு முறை யாருடையது என்று இன்றைக்கே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.