விண்டோஸ் 11க்கு மாறேக்க விடுற பிழையள் (எல்லாம் நானும் விட்டதுதான்)

போன கிழமை கடைக்குப் புதுசா வேலைக்கு வந்த பெடியன் ஒரு லப்டொப்பை மேசையில வச்சு எஃப்2வை டொக் டொக் எண்டு அடிச்சு பயோஸுக்க (விண்டோஸ் ஏற முதல் மெஷினை எழுப்புற உள் செட்டிங்ஸுக்க) போகப் பார்த்தான். நான் பின்னால நிண்டு "தம்பி நில்லு, கீ எடுத்தனியா?" எண்டு கேட்டன். அவன் ஆணியில தொங்கின கடைத் திறப்புக் கோர்வையைக் கழட்டி "இந்தா அண்ணை" எண்டு நீட்டினான். சிரிப்பும் வந்திச்சு, வயித்துக்க ஒரு பயமும் வந்திச்சு, ஏனெண்டா சில வருசத்துக்கு முதல் எனக்கும் அந்தக் கீ எண்டா என்னெண்டு தெரியாது, அந்தத் தெரியாமையால ஒரு மனுசியின்ர வேலையே போச்சு.

2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழமையான அப்டேட் நிண்டதில இருந்து வெள்ளவத்தையில எங்கட கடைக்கு வாறதில அரைவாசி இந்த மாத்துற வேலைதான். சில பேருக்கு ஒரு பின்னேரத்துக்க மாறி முடிஞ்சிடும், "என்ன பெரிய வித்தியாசம்" எண்டு கேட்டுட்டுப் போயிடுவினம். வேற சில பேர் மூண்டு தரம் திரும்பி வந்து "தம்பி பழசையே போட்டுத் தாங்கோ" எண்டு நிப்பினம். நான் பார்த்த வரைக்கும் வித்தியாசம் விண்டோஸ் 11ல இல்ல, பழைய மெஷினுக்குள்ள சத்தம் போடாம என்ன கிடந்தது எண்டதில இருக்கு. பெக்கப் எடுங்கோ, டிஸ்கில இடம் இருக்கோ பாருங்கோ எண்டதெல்லாம் இங்க எழுதப்போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் செய்யாத ஆக்களுக்கு நான் சொல்லியும் பிரயோசனம் இல்ல.

கீ எங்க எண்டு தெரியாம பயோஸைத் தொடுறது

இதைப் பற்றித்தான் கனக்கச் சொல்லோணும், இண்டைக்கும் எனக்கு எரிச்சல் வாற விசயம் இது.

விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 (பூட்டின்ர திறப்பைக் காக்கிற சிப்) கேக்கும், செக்யுவர் பூட் (ஒன் பண்ணேக்க களவான புரோகிராம் ஏறாமப் பார்க்கிறது) கேக்கும். கன மெஷின்ல ரெண்டும் இருக்கும், ஆனா பயோஸுக்க ஓஃப் பண்ணிக் கிடக்கும், இன்டெல் போர்ட்ல அதுக்குப் பேர் பிடிடி, ஏஎம்டில எஃப்டிபிஎம். உடன எல்லாரும் யூடியூபைப் பார்த்துக்கொண்டு பயோஸுக்க இறங்கிடுவினம். சில பேர் ஒரு படி மேல போய் முதல்ல பயோஸையே அப்டேட் பண்ணுவினம். டெஸ்க்டொப்ல பெரும்பாலும் பிரச்சினை வராது. லப்டொப்லதான் விசயம் இருக்கு.

கன லப்டொப்ல மைக்ரோசொஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ள போன உடனயே டிஸ்கை அதுவாவே பூட்டிப்போடும். டிவைஸ் என்க்ரிப்ஷன் எண்டு பேர், உள்ளுக்க ஓடுறது பிட்லொக்கர்தான். உங்களிட்ட ஒண்டும் கேக்காது, நீங்களும் வருசக்கணக்கா அது பூட்டிக் கிடக்குது எண்டே தெரியாமப் பாவிப்பியள், ஏனெண்டா ஒவ்வொரு தரமும் ஒன் பண்ணேக்க டிபிஎம் சிப் "எல்லாம் நேற்று மாதிரித்தான் இருக்கு" எண்டு பார்த்துப்போட்டுத் தானே திறந்து விட்டிடும். பயோஸ் மாறினா, செக்யுவர் பூட்டை மாத்தினா, டிபிஎம்மை கிளியர் பண்ணினா, அது "இது நேற்றுப் பார்த்த ஆள் இல்ல" எண்டு நினைச்சுக் கையை விரிச்சிடும். பிறகு வாறதுதான் அந்த நீலத்திரை. 48 இலக்கம், ஆறு ஆறா எட்டுக் கட்டம், நான் சொன்ன கீ இதுதான், ரெக்கவரி கீ. அது இல்லாட்டி உள்ள போகவே ஏலாது.

2020ல ஒரு அன்ரிக்குப் புது லப்டொப் எடுத்துக் குடுத்தனான். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு எல்லாம் இங்கிலீசுக்கு மாத்திக் குடுக்கிறவ, வெளிநாட்டுக்கு அலுவல் பார்க்கிற ஆக்கள் காலமையில இருந்தே அவவின்ர வாசல்ல நிப்பினம். செட்டப் பண்ணேக்க விண்டோஸ் ஒரு ஈமெயில் கேட்டுது. அன்ரிட்ட ஃபோன் போட்டுக் கேக்கிற பஞ்சியில, கடையில இதுக்கெண்டே நான் வச்சிருந்த ஒரு குப்பை மெயிலைக் குடுத்து "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" எண்டு தட்டிவிட்டன். அஞ்சு நிமிசம் மிச்சம் பிடிச்ச சந்தோசம் எனக்கு.

2021 முடிவில, விண்டோஸ் 11 வந்து ரெண்டு மூண்டு மாசத்தில, லண்டன்ல இருக்கிற மகள் சொன்னவவாம் எண்டு லப்டொப்பைக் கொண்டு வந்தவ. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி முதல்ல பயோஸ் அப்டேட் அடிச்சன். ரீஸ்டார்ட் ஆகி நீலத்திரை வந்து 48 இலக்கம் கேட்டுது. ரெக்கவரி கீ அந்த அக்கவுண்டுக்குள்ள சேவ் ஆகி இருக்கும் எண்டு அரை மணித்தியாலம் தேடிக் கண்டுபிடிச்சன். எந்த அக்கவுண்ட்? என்ர குப்பை மெயில். பஸ்வேர்ட் நினைவில்ல. ரீசெட் பண்ணுவம் எண்டா கோட் போறது நான் எப்பவோ எறிஞ்ச ஒரு சிம்முக்கு. அக்கவுண்டைத் திருப்பிக் கேட்டு ஃபோர்ம் நிரப்பி அனுப்பினன், ரெண்டு தரமும் முடியாது எண்டு வந்திட்டுது. கீ துலைஞ்சா மைக்ரோசொஃப்ட்டாலயும் எடுத்துத் தர ஏலாது, அதுக்குத்தானே பூட்டே. டிஸ்கைக் கழட்டி வேற மெஷின்ல குத்தினாலும் பூட்டின டிஸ்க் பூட்டினதுதான்.

அன்ரி ஏசேல்ல. "மெயில்ல அனுப்பினது கொஞ்சம் இருக்குத்தானே தம்பி" எண்டு மட்டும் சொன்னவ. மொடல் மொடலா அவ செஞ்சு வச்சிருந்த ஃபோர்மட் எல்லாத்தையும் திருப்பி இருந்து அடிச்சிருப்பா. காசு வேண்டாம் எண்டன், மேசையில வச்சிட்டுப் போனா. அதுக்குப் பிறகு கடைப்பக்கம் வரேல்ல. காலி வீதியில கண்டா சிரிப்பா.

இதே பிழையை இப்பவும் கடை கடையா செய்யினம். ரெண்டு மாசத்துக்கு முதல் ஒரு கம்பஸ் பிள்ளை கொண்டு வந்த லப்டொப்ல அக்கவுண்ட் பேரைப் பார்த்தா முதல் வித்த கடைக்காரன்ர மெயில். அந்தக் கடை இப்ப இல்ல. நல்ல காலம், நீலத்திரை வர முதல் கொண்டு வந்திட்டுது.

அப்ப என்ன செய்யிறது: ஸ்டார்ட்ல டிவைஸ் என்க்ரிப்ஷன் எண்டு அடிச்சுத் தேடுங்கோ. ஒன்ல இருந்தா, எந்த மைக்ரோசொஃப்ட் அக்கவுண்ட்ல மெஷின் கிடக்கு எண்டு பார்த்து, ஃபோன்ல அந்த அக்கவுண்டுக்குள்ள போய் டிவைசஸ் எண்ட இடத்தில ரெக்கவரி கீயை எடுங்கோ. கன வீட்டில அது அவரின்ர அக்கவுண்டா இருக்கும், பாவிக்கிறது அவவா இருக்கும், கம்பஸ் மெயிலோ ஒஃபிஸ் மெயிலோ குடுத்திருந்தா கீ அங்கயும் போயிருக்கலாம். நீலத்திரையில கீ ஐடி எண்டு ஒண்டு காட்டும், அதின்ர முதல் எட்டு எழுத்தும் நீங்க எடுத்த கீயின்ர ஐடியோட பொருந்தோணும், ஒரே அக்கவுண்ட்ல மூண்டு நாலு கீ கிடக்கிறது சர்வசாதாரணம். கடதாசியில எழுதுங்கோ. அதே லப்டொப்பில நோட்பேட்ல சேவ் பண்ணி வைக்கிற ஆக்களும் இருக்கினம், கடவுளே. கீயே கிடைக்கேல்லை எண்டா, மெஷின் இன்னும் திறக்கிற நேரத்திலயே என்க்ரிப்ஷனை ஓஃப் பண்ணி, அது முழுக்கக் கழண்டு முடியும் வரைக்கும் பொறுத்திருந்து பிறகு பயோஸுக்க போங்கோ.

இன்னொண்டு. விண்டோஸ் 10க்கு மேலால அப்கிரேட் பண்ணேக்க புதுசாப் பூட்டு விழுறது குறைவு. ஆனா கிளீனா (பழசை அழிச்சு முதல்ல இருந்து) விண்டோஸ் 11ன்ர 24எச்2 பதிப்போ அதுக்குப் பிறகு வந்ததோ போட்டு மைக்ரோசொஃப்ட் அக்கவுண்ட்ல போனா, ஹோம் எடிஷன்லயும் தானாப் பூட்டும். முந்திப் பூட்டாத மெஷினும் இப்ப பூட்டும். அந்தப் பெடியனுக்கு நான் இதை மூண்டு தரம் சொல்லியிருக்கிறன்.

பாமினி

"கிளீனா போட்டாத்தான் ஸ்பீட்" எண்டு சொல்லி எல்லாத்தையும் வழிச்சுப் போடுற ஆக்களுக்கு இது. கொழும்பில அச்சகம், நொத்தாரிசு கந்தோர், ரியூஷன் மாஸ்டர்மார் எண்டு கன பேர் இன்னும் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்டிலதான் அடிக்கினம். கிளீனா போட்ட பிறகு அவையள் டொகியூமென்டைத் திறந்தா தமிழே இராது, இங்கிலீசு எழுத்துக்கு நடுவில புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி அரைப்புள்ளியா நிக்கும். ஃபைல் பழுதாப் போச்சு எண்டு அழுத ஒரு மாஸ்டரை எனக்குத் தெரியும். ஃபைல் பழுதில்ல, ஃபொன்ட் இல்ல, அவ்வளவுதான். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபொன்ட்ஸை மட்டும் கொப்பி எடுத்தாக் காணாது. 2018 கடைசியில இருந்து விண்டோஸ் 10, ஃபொன்டை அந்த யூசருக்கு மட்டும் போடவும் விட்டுது, அப்பிடிப் போட்டது யூசரின்ர ஆப் டேட்டா (AppData) ஃபோல்டருக்க ஒளிஞ்சு கிடக்கும். அதையும் பார்த்து எடுங்கோ. மேலால அப்கிரேட் பண்ணினா இந்தத் தலையிடியே இல்ல, ஃபொன்ட் எல்லாம் இருந்த இடத்தில இருக்கும்.

கடையில ஓடுற பில் சிஸ்டம்

விண்டோஸ் 11ல 32 பிட் எடிஷன் எண்டு ஒண்டே இல்ல. புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில ஒரு மொத்த வியாபாரக் கடை முதலாளி, 90கள்ல எழுதின டொஸ் (விண்டோஸுக்கு முந்தின காலத்து சிஸ்டம்) பில் புரோகிராம், டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர், கீழ விண்டோஸ் 10 32 பிட். அருமையா ஓடிக்கொண்டிருந்தது. அவர்ட மருமகன் ஆசைப்பட்டு 11 போட்டுக் குடுத்திட்டார். டொஸ் புரோகிராம் 64 பிட் விண்டோஸ்ல நேரா ஓடாது, பின்னேரம் வரைக்கும் வெங்காயமும் பருப்பும் கைபில்லிலதான் போச்சு. செட்டிங்ஸ்ல சிஸ்டம், எபவுட் பாருங்கோ, 32 பிட் எண்டு காட்டினா முதல்ல அந்த மெஷின்ல ஓடுற ஒவ்வொண்டும் எந்தக் காலத்துச் சாமான் எண்டு கேளுங்கோ. நான் அவருக்குச் செஞ்சு குடுத்தது சிம்பிள், பழைய டிஸ்கைத் திருப்பிப் போட்டு இன்டர்நெட் வயரைக் கழட்டி விட்டன். கணக்குப் பார்க்க வேற ஒரு மெஷின் வாங்கினவர்.

ஹார்ட் டிஸ்க்

எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) இல்லாம விண்டோஸ் 11 போடாதேங்கோ.

ஒன்டிரைவ்

"டெஸ்க்டொப்பை பெக்கப் பண்ணட்டோ" எண்டு கேக்கேக்க ஓம் எண்டு தட்டினா டெஸ்க்டொப், டொகியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூண்டையும் ஒன்டிரைவுக்க (மைக்ரோசொஃப்ட்டின்ர இன்டர்நெட் கிடங்கு) கொண்டு போயிடும். இலவசமாத் தாறது 5 ஜிபி. பேரப்பிள்ளையின்ர பிறந்தநாள் வீடியோவோட அது முடிஞ்சிடும், பிறகு மெயிலும் வராது, ஏனெண்டு ஒருத்தருக்கும் விளங்காது. அவுட்லுக் மெயில்ல வாற அட்டாச்மென்டும் அந்த 5 ஜிபிக்குள்ளதான் கணக்கு.

ஏலாத மெஷினுக்குப் போடுறது

இன்டெல் புரொசஸர்ல எட்டாம் ஜெனரேஷனுக்குக் கீழ எண்டா பெரும்பாலும் மைக்ரோசொஃப்ட்டின்ர லிஸ்ட்ல இல்ல. ரூஃபஸ் மாதிரி ஒரு புரோகிராமால விண்டோஸ் போடுற பென்டிரைவ் செஞ்சு செக்கிங்கைத் தாண்டிப் போடலாம், ஓடும், நானும் வீட்டில ஒரு ஆறாம் ஜெனரேஷன்ல போட்டு வச்சிருக்கிறன். ஆனா வருசம் ஒருக்கா வாற பெரிய அப்டேட் தானா வராது, திருப்பி அதே சுத்துமாத்து செய்யோணும். அதைவிடப் பழைய கோர் டூ டுவோ புரொசஸர் எண்டா 24எச்2 ஸ்டார்ட்டே ஆகாது, அதோட மல்லுக்கட்டாதேங்கோ. வாடிக்கையாளருக்கு மட்டும் இப்பிடிப் போட்டுக் குடுக்காதேங்கோ, ஆறு மாசத்தால ஒரு பிரச்சினை எண்டா பேர் உங்களுக்குத்தான். காசு இல்லாட்டி 10லயே இருக்கட்டும், வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட்டை நீட்டி எடுக்க அப்டேட் பக்கத்திலயே ஒரு லிங்க் வந்தது, மைக்ரோசொஃப்ட் அக்கவுண்ட் வேணும். உங்கட சொந்த அக்கவுண்ட், கடைக்காரன்ரது இல்ல.

பத்து நாள்

பிடிக்கேல்லை எண்டா திரும்பிப் போக 10 நாள்தான். பதினோராம் நாள் வராதேங்கோ. இடம் காணாது எண்டு பழைய விண்டோஸ் கிடக்கிற விண்டோஸ் டொட் ஓல்ட் ஃபோல்டரை அழிச்சுப்போட்டும் வராதேங்கோ.

கரண்ட்

2022ல 13 மணித்தியாலம் வெட்டின ஊர் இது. டெஸ்க்டொப் எண்டா யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கிற பெட்டரிப் பெட்டி) இல்லாம இந்த வேலையைத் தொடங்காதேங்கோ.

ஸ்டார்ட் பட்டன் நடுவில

இது பிழையே இல்ல, ஆனா ஆகக் கூட ஆக்கள் திரும்பி வாறது இதுக்குத்தான். பம்பலப்பிட்டியில இருந்து ஒரு ஐயா மூண்டு தரம் பஸ் ஏறி வந்தவர், "தம்பி, மூலையில இருந்ததை ஆரோ நடுவுக்க தள்ளிப்போட்டாங்கள்." டாஸ்க்பார்ல ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், கீழ அலைன்மென்ட், லெஃப்ட். நாலாம் தரம் வரேல்ல, ஃபோன் எடுத்தவர். ரைட் கிளிக் பண்ணினா கொப்பி, பேஸ்ட் எழுத்தைக் காணேல்லையாம். அது மேல குட்டிப் படமா நிக்குது ஐயா எண்டன்.