ஒரு வெள்ளைத்தாளில் தமிழ்நாடு: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

நம் மாநிலத்தைப் பற்றிக் கேட்டால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மாநில விலங்கு, மாநிலப் பறவை, மாநில மரம். தேர்வுக் கையேடுகள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. பட்டியலாக மனப்பாடம் செய்தது தேர்வோடு போய்விடும். கையால் வரைந்து, ஒன்றோடு ஒன்றைத் தொடுத்துப் படித்ததுதான் நிலைக்கும். வெளிமாநிலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கும், போட்டித் தேர்வுக்குப் புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கும் இந்த வழி உதவும். ஒரு பெரிய வெள்ளைத்தாள், பென்சில், நீலப் பென்சில், அழிப்பான், சரிபார்க்க ஒரு பள்ளி அட்லஸ் இருந்தால் போதும்.

படி 1: உங்கள் ஊரின் முகவரியை முழுதாக எழுதுங்கள்

வீட்டில் பட்டா இருந்தால் எடுத்துப் பாருங்கள். வருவாய்க் கிராமம், வட்டம், மாவட்டம் மூன்றும் அதில் இருக்கும். கிராமத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் குறுவட்டம் என்று ஒன்று உண்டு. மக்கள் அதைப் பிர்கா என்பார்கள். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், ஆட்சியர் என்று அதிகாரிகள் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்பது மக்கள் தேர்ந்தெடுக்கும் இன்னொரு வரிசை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாக எழுதிவிடுங்கள். உங்கள் சட்டமன்றத் தொகுதியையும் மக்களவைத் தொகுதியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலம் முழுவதற்கும் சட்டமன்றத் தொகுதிகள் 234, மக்களவைத் தொகுதிகள் 39.

படி 2: எல்லையை வரையுங்கள்

அட்லஸை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவையுங்கள். வடகிழக்கு மூலையில் பழவேற்காடு. அங்கிருந்து கடற்கரைக் கோடு தெற்கே இறங்கி, கோடியக்கரையில் முனையாகி மேற்கே மடங்கும். ராமேசுவரத்தில் மறுபடி கடலுக்குள் நீளும். குமரிமுனையோடு நிறுத்திவிடாதீர்கள்; அதைத் தாண்டி மேற்குக் கரையில் நீரோடி வரை நம் எல்லை போகிறது. இடப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையை முக்கோணங்களாகப் போடுங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலை வடக்கிலிருந்து சவ்வாது மலை, சேர்வராயன் மலை என்று துண்டு துண்டாக இறங்கிவரும். இரண்டு தொடர்களும் சந்திக்கும் இடம் நீலகிரி. அங்குள்ள 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாதான் மாநிலத்தின் மிக உயரமான சிகரம். மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய்க்கு ஓர் இடைவெளி விடுங்கள். கோயம்புத்தூரில் அவ்வளவு காற்று வீசுவது அதனால்தான்.

கோடு வளைந்து நெளிந்து வந்தாலும் பரவாயில்லை.

படி 3: நீலப் பென்சிலை எடுங்கள்

காவிரியை முதலில் வரையுங்கள். ஒகேனக்கல்லில் உள்ளே வருகிறது. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில் தேங்குகிறது. பவானியில் பவானி ஆறும், கரூர்ப் பக்கம் நொய்யலும் அமராவதியும் வந்து சேர்கின்றன. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையைத் தாண்டிப் பல கிளைகளாகப் பரவி, பூம்புகாரில் கடலைத் தொடுகிறது.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். மழையையும் ஆற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் வேளாண்மை புரியும். தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைகள் மறித்துக்கொள்வதால் நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில்தான். ஆனால் காவிரி பிறக்கும் குடகில் கொட்டுவது தென்மேற்குப் பருவமழை. ஆகவே தஞ்சைச் சமவெளியில் பெரிய மழை இல்லாத ஜூன், ஜூலையில் ஆற்றில் தண்ணீர் வருகிறது. குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கம் வந்த காரணம் இதுதான். ஒரு தேதியை இப்படிக் காரணத்தோடு பிடித்தால் மறக்கவே மறக்காது.

அடுத்து வைகை. வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வழியாகப் போகிறது. 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணைதான் மலைக்கு அந்தப்பக்கம் ஓடிய நீரை வைகைப் படுகைக்குத் திருப்பிவிட்டது. கடைசியாகத் தாமிரபரணி: பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. பாலாறும் தென்பெண்ணையும் கர்நாடகத்திலிருந்து வருகின்றன, அவற்றை மெல்லிய கோடாகப் போட்டால் போதும்.

படி 4: 38 மாவட்டங்களைக் குடும்பமாகப் படியுங்கள்

பலரும் தடுமாறுவது இந்த இடத்தில். அகர வரிசையில் 38 பெயர் படித்தால் எது எங்கே என்று தெரியாது. 1956 நவம்பர் 1 அன்று இருந்தவை 13 மாவட்டங்கள்தான். அவற்றைத் தாளில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைச் சேருங்கள்.

சென்னை, நீலகிரி, கன்னியாகுமரி மூன்றும் பிரியாதவை. பழைய செங்கல்பட்டு இன்று காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு. வட ஆற்காட்டிலிருந்து வந்தவை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. தென் ஆற்காட்டிலிருந்து கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. சேலம் நான்காயிற்று: சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி. கோவையின் பங்கு கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர். திருச்சி வீட்டில் கூட்டம் அதிகம்: திருச்சிராப்பள்ளி, கரூர், பெரம்பலூர், அரியலூர், அதோடு புதுக்கோட்டை. முன்பு தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை 1974-இல் மாவட்டமானபோது தஞ்சையிலிருந்தும் கொஞ்சம் நிலம் பெற்றது. தஞ்சை வழியில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. மதுரையிலிருந்து மதுரை, திண்டுக்கல், தேனி. ராமநாதபுரத்திலிருந்து ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர். நெல்லையிலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி. கூட்டிப் பாருங்கள், 38 வரும்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. கடலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் ‘தென்னாற்காடு’ என்றும், திருவாரூர்க்காரர்கள் ‘தஞ்சை ஜில்லா’ என்றும் சொன்னால் இனி உங்களுக்குப் புரியும். வாய்ப்புக் கிடைத்தால் அவர்களிடமே கேளுங்கள். மாவட்டம் பிரிந்தபோது ஊரில் என்ன மாறியது என்று அவர்கள் சொல்வது எந்தக் கையேட்டிலும் இருக்காது.

படி 5: நான்கு தேதிகளை வரிசையாக எழுதுங்கள்

1953 அக்டோபர் 1: ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1: மொழிவழி மாநிலங்கள், மலபார் கேரளத்துக்குப் போனது, குமரிப் பகுதியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. 1967 ஜூலை 18: தமிழ்நாடு என்ற பெயருக்கான தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14: அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. 1956-க்கும் 1969-க்கும் நடுவில் மாநிலத்தின் பெயர் சென்னைதான். இந்தப் பெயர் மாற்றத்தையும் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்து உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். அவர் பெயரையும் இந்த வரிசையில் கட்டாயம் எழுதுங்கள்.

படி 6: சின்னங்களும் எண்களும்

மாநில விலங்கு நீலகிரி வரையாடு, பறவை மரகதப்புறா, மரம் பனை, மலர் செங்காந்தள். மாநிலப் பாடல் மனோன்மணீயம் சுந்தரனார் இயற்றிய தமிழ்த்தாய் வாழ்த்து. முடிந்தவற்றை நேரில் பாருங்கள். செங்காந்தள் மழைக்காலத்தில் வேலியோரங்களில் பூக்கும், ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதால் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். எண் எழுதும்போது ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்: மக்கள்தொகை 7.21 கோடி, 2011 கணக்கெடுப்பு. அடுத்த கணக்கெடுப்பின் எண் வந்ததும் அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

படி 7: உங்களையே சோதியுங்கள்

ஒரு வாரம் கழித்துப் புதிய தாளில் எதையும் பார்க்காமல் வரையுங்கள். பிறகு மூன்று கேள்விகள். கேரளத்தையும் கர்நாடகத்தையும் ஒருசேரத் தொடும் மாவட்டம் எது? ஆந்திரத்தையும் கர்நாடகத்தையும் தொடுவது எது? கடலைத் தொடும் மாவட்டங்கள் எத்தனை? விடைகள்: நீலகிரி, கிருஷ்ணகிரி, 14. மூன்றாவதில் 12 அல்லது 13 வந்தால் அநேகமாக விழுப்புரத்தின் மரக்காணத்தையோ, தஞ்சாவூரின் அதிராம்பட்டினத்தையோ, திருநெல்வேலியின் உவரியையோ விட்டிருப்பீர்கள்.