'சாங்ஷன்': அனுமதியா, தடையா?

லோன் சாங்ஷன் ஆனால் மகிழ்ச்சி. ஒரு நாட்டின் மீது சாங்ஷன் விதித்தார்கள் என்றால் அது தண்டனை. இரண்டும் ஒரே சொல்தான்.

இதன் வேர் லத்தீனின் 'சாங்கீரே'. புனிதமாக்கு, சட்டமாக உறுதிசெய் என்று பொருள். 'செயின்ட்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ரோமானியச் சட்டத்தில், மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்கு 'சாங்க்டியோ' என்று பெயர். ஆக, சட்டத்தின் ஒப்புதலும் அதை மீறுபவருக்கான தண்டனையும் தொடக்கத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை. நாடுகள் மீதான பொருளாதாரத் தடை என்ற பொருள், முதல் உலகப் போருக்குப் பின் உலக நாடுகள் சங்கத்தின் காலத்தில் பரவலானது. எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு 1935இல் விதிக்கப்பட்டவை இந்த வகை.

படிக்கும்போது வினைச்சொல்லின் செயப்படுபொருளைப் பாருங்கள். அது கடன், விடுப்பு, செலவு, பணியிடம் என்றால் அனுமதி. நாடு, வங்கி, ஆள் என்றால் பெரும்பாலும் தடை. பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என்று வந்து, பின்னால் 'ஆன்' அல்லது 'அகெய்ன்ஸ்ட்' இருந்தால் சந்தேகமே வேண்டாம், தடைதான்.

மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்குவது 'சாங்ஷன்டு' என்ற அடைமொழியில்தான். 'சாங்ஷன்டு போஸ்ட்' அனுமதிக்கப்பட்ட பணியிடம். 'சாங்ஷன்டு பேங்க்' தடை விதிக்கப்பட்ட வங்கி. இதை 'அங்கீகரிக்கப்பட்ட வங்கி' என்று எழுதினால் செய்தியே தலைகீழாகிவிடும். நீங்களே ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது, அனுமதிக்கு 'அப்ரூவ்' என்றே போட்டுவிடுங்கள்.